பின்வளவில் புதைத்த ரவைப் பெட்டி

போன மாரியில் ஒரு நாள், வீட்டுக்குப் பின்னால், பின்வளவின் வலதுபக்க மூலையில் நீங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டிருந்த பனிமனிதனை நான் காலால் தள்ளி விழுத்தினேன். சின்னவன் அழுதான். மூத்தவள், "அப்பா, வட் இஸ் ரோங் வித் யூ?" என்று கேட்டாள். நான் "இந்த மூலைக்கு ஒருத்தரும் வரக்கூடாது" என்று கத்திவிட்டு, சின்னவன் கையில் இருந்த பனி அள்ளும் சவளைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரிப்பு வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் வேறு கதைக்கு மாறிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் அம்மாவிடம் கொடுத்துத் திருத்துங்கள். நடந்ததில் இருந்த பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார்.

அதற்கு முந்திய நவம்பரில், கனடாவில் மில்லிக்கனில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. முன்பு இங்கே இருந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். அவர் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டதால், மிசிசாகாவில் இருக்கும் அவருடைய மகள்தான் வீட்டை விற்றார். வீட்டுக் கதவுத் திறப்புத் தந்த அன்று அந்த மகளைப் பார்த்ததோடு சரி.

அந்த நவம்பரில்தான், வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் உறுமத் தொடங்கியது. பில்டரை மாற்றலாம் என்று நிலத்துக்கடியில் இருக்கும் பேஸ்மென்றுக்குப் போய் ஏணி வைத்து ஏறினேன். சூடான காற்றுப் போகும் தகரக் குழாய்க்கு மேலே, கூரைச் சட்டங்களின் இடுக்கில், ஒரு மரப்பெட்டி இருந்தது. ஒரு முழ நீளம். இறக்கித் தூசி தட்டித் திறந்தேன். பச்சைத் துணி விரித்து, அதில் பள்ளம் பள்ளமாக வெட்டி, வரிசையாகப் பன்னிரண்டு ரவைகள். பக்கத்தில் சின்னத் தட்டில் தனிச் சன்னங்கள் கொஞ்சம். அடியில் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி.

ரவை என்று நாங்கள் சொல்வது துவக்கில் போடும் முழுத் தோட்டாவை. பித்தளைக் கோது, அதற்குள் வெடிமருந்து, கோதின் வாயில் செருகியிருக்கும் சன்னம், எல்லாம் சேர்ந்ததுதான் ரவை. சுட்டால் சன்னம் போய்விடும், வெறுங்கோது துவக்கடியில் விழும்.

நான் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தேன்.

அது எங்கள் வீட்டுப் பழக்கம். ஊரில் சண்டை நடந்த நாட்களில், வெடிச் சத்தம் ஓய்ந்த மறுநாள் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் வளவைக் கூட்ட வேண்டும். குப்பைக்காக இல்லை. விழுந்து கிடக்கும் கோதுகளைப் பொறுக்குவதற்காக. ஆமிக்காரர் வீடு வீடாகச் செக்கிங்குக்கு வரும்போது முற்றத்தில் ஒரு கோது கிடந்தால் போதும். "இது எப்படி இங்கே வந்தது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பதில் சொல்லப் போய்ப் பதினொரு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் யாருடனும் அதிகம் கதைப்பதில்லை.

வெறுங்கோது என்றால் மலகூடக் குழிக்குள் போடுவோம். சுடாத முழு ரவை கிடைத்தால் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைப்போம். எது எது என்று அறிய அதைத் தட்டவும் கூடாது, குலுக்கவும் கூடாது. கையில் வைத்து நிறை பார்ப்பது மட்டும்தான். ஒன்பது வயதில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வரும். வீட்டில் எல்லோரும் என் கையைத்தான் நம்பினார்கள்.

அந்தக் கையில்தான் இந்த ரவை இருந்தது. நான் சின்ன வயதில் தூக்கிய எதையும்விடப் பாரம். அடிப்பக்கத்து மூடியைப் பார்த்தேன். சுடும்போது துவக்கின் ஊசி குத்துகிற குழி இல்லை. மருந்து நிறைந்த ரவை, பன்னிரண்டும் உயிருள்ளவை என்று முடிவு செய்துவிட்டேன். வேறு விதமாகவும் இருக்கலாம் என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

இதில் என்ன பயம் என்று கேட்பீர்கள். சின்னவன் இங்கே பிறந்தவன். ஆனால் எனக்கும் அம்மாவுக்கும் சிற்றிசன்சிப், அதாவது குடியுரிமைப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது. மூத்தவளையும் சேர்த்து மூன்று பேருக்கும் சத்தியப்பிரமாணம் ஒன்றுதான் பாக்கி. அகதி என்று வந்து, கேஸ் எழுதி, அவர்கள் மறுத்து, திரும்ப எழுதி, எத்தனை வருடம் காத்திருந்து அந்த இடத்துக்கு வந்தோம். அப்படியான நேரத்தில் என் பெயரில் இருக்கும் வீட்டில் பன்னிரண்டு ரவை.

அடுத்த நாள் வேலையில், என்னோடு பெட்டி அடுக்கும் அண்ணையிடம் பட்டும் படாமலும் கேட்டேன். கனடாவுக்கு வந்து முப்பது வருடமான ஆள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்.

"அண்ணை, இங்கை ஆரின்ரையும் வீட்டிலை பழைய ரவை ஏதும் கிடந்தா என்ன செய்வாங்கள்? சும்மா கேக்கிறன்."

"ஆர் வீட்டிலை?"

"ஒரு ஆளின்ரை."

"தம்பி, உது கனடா. நாய் வளக்கவே லைசன்ஸ் கேக்கிற நாடு. ரவை வைச்சிருந்தாக் கொஞ்சுவாங்களே? ஆளின்ரை கேஸ் பைலையும் மூடி ஆளையும் மூடுவாங்கள்."

"அப்ப அந்த ஆள் தானாப் பொலிசுக்குச் சொன்னா?"

"சொல்லட்டும். சொல்லிப்போட்டு உடுப்பு அடுக்கின பாக்கோடை வாசல்லை நிக்கச் சொல்லு." சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த ஆள் ஏறக்குறைய உன்ரை உயரமோ?"

நான் சிரித்தேன். என் சாப்பாட்டைத் திரும்ப மூடி வைத்தேன்.

சனிக்கிழமை உங்களை அம்மா தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன நேரத்தில் அந்த வேலையைச் செய்தேன். இடம்பெயர்ந்து ஓடும்போது நகையையும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மண்ணுக்குள் வைத்துவிட்டு ஓடிய குடும்பம் நாங்கள். எப்படிப் புதைத்தால் மழைக்காலம் தாண்டியும் கெடாது என்று எனக்குத் தெரியும். இடுப்பில் கட்டும் பழைய சாரத்தில் பெட்டியைச் சுற்றினேன். அரிசிப் பையின் உட்பக்கப் பொலித்தீனில் போட்டு, வாயை மடித்து, மெழுகுதிரியில் உருக்கி ஒட்டினேன். அதன்மேல் இரண்டு கார்பேஜ் பை, சுற்றிவர ஒட்டும் ரேப். பிறகு பின்வளவு மூலையில் கிடங்கு தோண்டி இறக்கி, பெயின்ற் வாளி இரண்டைப் பக்கம் பக்கமாகக் கவிழ்த்து மூடினேன், மேலிருந்து இறங்கும் ஈரம் வழிந்து போய்விடும். இரண்டரை அடி ஆழம். மேலே புல்லைத் திரும்ப விரித்து மிதித்துவிட்டு, கை கழுவி, உங்களுக்காக நூடில்ஸ் அவித்து வைத்தேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் வீட்டை விற்ற அந்த மகள் மிசிசாகாவிலிருந்து போன் எடுத்தார். ஆங்கிலத்தில்தான் கதைத்தார், நான் எங்கள் பாசையில் எழுதுகிறேன். "தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். பேஸ்மென்றில் ஒரு மரப்பெட்டி கண்டீர்களா? அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை."

"இல்லை மேடம். ஒன்றும் இல்லை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. 'கண்டாயா' என்று ஒருவர் கேட்டால் 'இல்லை' என்பது என் வாயில் ஒன்பது வயதிலேயே ஏறிவிட்டது. அவர் நன்றி சொல்லி போனை வைத்தார். அந்த நன்றிதான் எனக்கு உறுத்தியது.

அந்தக் கிழமைதான் நீங்கள் சரியாக அந்த மூலையில் பனிமனிதனைக் கட்டினீர்கள். ரவை மிதித்து வெடிக்காது என்று எனக்குத் தெரியும். நிலமும் கல்லாக உறைந்திருந்தது. ஆனாலும் சின்னவன் சவளைத் தூக்கிக் குத்தியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது.

மார்ச் மாதம் ஈமெயில் வந்தது. ஏப்ரலில் சத்தியப்பிரமாணம், வீட்டிலிருந்தே, கொம்பியூட்டர் திரையில். மூத்தவள் துள்ளிக்கொண்டு வீடு முழுக்க இடம் பார்த்தாள். "அப்பா, டைனிங் ரேபிள்தான் பெஸ்ற். யன்னல் லைற் நல்லா விழும்." அந்த யன்னல் நேராகப் பின்வளவைப் பார்க்கிறது. நான் கையைத் தூக்கி நின்றால் என் கண்ணுக்கு நேரே அந்த மூலை.

"பேஸ்மென்றிலை செய்வம்" என்றேன்.

"பேஸ்மென்றா? வைபை வராது. அதோடை அங்கை வாஷிங் மெஷின் இருக்கு. யூ வோன்ற் ரு பிகம் கனேடியன் நெக்ஸ்ற் ரு த லோண்ட்ரி?"

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன நடந்தது? எப்ப பாத்தாலும் அந்த மூலையைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். ஆரையும் கொண்டு புதைச்சிட்டியளோ?"

"ஆள் இல்லை" என்றேன்.

அம்மா கையில் இருந்த அகப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரவையோ! என்ரை வீட்டிலையோ!"

"வீட்டிலை இல்லையப்பா. வளவிலை."

"வளவு ஆரின்ரை?"

நான் யன்னல் பக்கம் திரும்பினேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார். "அந்த மனுசி போன் எடுத்து நேராக் கேட்டவ. இல்லையெண்டு சொல்லிப்போட்டியள். இப்ப அந்த யன்னலுக்கு முன்னாலை நிண்டு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணப்போறியள். புதைச்ச கையும் அதே கைதானே?"

"பைலை மூடினாங்களெண்டா?"

"மூடட்டும். உதோடை இருக்கிறதை விட அது பரவாயில்லை. நவம்பரிலை இருந்து உங்களுக்கும் நித்திரை இல்லை, உருண்டு உருண்டு என்னையும் விடேல்லை. இப்பவே போன் எடுங்கோ. இல்லாட்டி நான் எடுப்பன். என்ரை இங்கிலிசிலை சொன்னா விசயம் இன்னும் பெரிசாப் போகும்."

போன் எடுத்தேன். "மேடம், நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். பெட்டி இருக்கிறது" என்றேன். அவர், "ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். கோபமா இல்லையா என்று குரலில் பிடிபடவில்லை. பொலிசையும் கூட்டிக்கொண்டு வருவாரோ என்று நான் ஞாயிறு வரையும் ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

தனியாகத்தான் வந்தார். உங்களை நூலகத்துக்கு அனுப்பியிருந்தோம். அவரைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சவளை எடுத்தேன். மேல்மண் இளகியிருந்தாலும் அடியில் இன்னும் உறைந்த கட்டி. அவர் ஜக்கெற் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, நான் கிண்டுவதைப் பார்த்தார். அம்மா யன்னலுக்குள் நின்று பார்த்தார். வாளி தட்டுப்பட்டது. ரேப்பை வெட்டி, பொலித்தீனைக் கிழித்து, சாரத்தை அவிழ்த்தேன். பெட்டியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வந்தவர் புல்லில் முழங்கால் ஊன்றிப் பெட்டியைத் திறந்தார். ஒரு ரவையை எடுத்துத் தன் காதருகே வைத்துக் குலுக்கினார். நான் என்னை அறியாமல் இரண்டடி பின்னால் போய்விட்டேன். ஊரில் யாரும் அப்படிக் குலுக்குவதை நான் கண்டதில்லை. அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, என் காதருகே குலுக்கினார்.

டொக் டொக், டொக் டொக். குழந்தையின் கிலுக்கட்டி மாதிரி.

"மணி" என்றார். "உள்ளே, மாலையில் கோக்கிற மாதிரி ஒரு சின்ன மரமணி. மருந்து இல்லை. இது வெடிக்காது. எப்போதும் வெடிக்கப் போவதும் இல்லை."

எனக்கு விளங்கவில்லை. "இவ்வளவு பாரமாக இருக்கிறதே?" என்றேன்.

"பாரம் சன்னத்தில்தான்" என்றார். "பழைய சன்னம் அப்படித்தான்."

நான் தோண்டிய கிடங்கின் விளிம்பில் அப்படியே குந்திவிட்டேன். காற்சட்டை முழுக்கச் சேறு. யன்னலுக்குள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. நான் சரிந்ததைக் கண்டு செருப்பும் இல்லாமல் வெளியே ஓடி வந்தார். "வெறும் மணி, வெறும் மணி" என்று நான் சொன்னதைக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தாராம்.

பிறகு சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வந்தவர் விளக்கினார். உங்களுக்கும் சொல்கிறேன், மூத்தவளுக்குச் சரித்திரம் பிடிக்கும்.

அவருடைய அப்பாவிடம், அவரின் பூட்டன் காலத்துத் துவக்கு ஒன்று இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதற்கான ரவையை இன்று கடையில் வாங்க முடியாதாம். அதனால் கோது தேடி, சன்னம் தேடி, தானே கையால் மருந்து அளந்து அடைத்து, கிளப்பில் கொண்டுபோய்ச் சுடுவார். எங்கள் பேர்னஸ் அறையில்தான் அவருடைய மேசையும் சின்னத் தராசும் இருந்தனவாம். நாங்கள் இப்போது அரிசி மூட்டை வைத்திருக்கும் இடத்தில்.

இந்தப் பெட்டி சுடுவதற்கு இல்லை. அது ஒரு கதை மாதிரி, இடமிருந்து வலமாக. முதல் ரவையில் ஈயச் சன்னம், தடித்தது. அந்தக் காலத்துக் கருமருந்து அவ்வளவு புகை தரும், சுட்டவருக்கே முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாதாம். பிறகு புகையில்லாத மருந்து வந்தது. அதன் வேகத்தை வெறும் ஈயம் தாங்கவில்லை. குழலுக்குள்ளேயே வழுகி அப்பிக்கொண்டது. ஆகவே ஈயத்துக்கு மேலே கடினமான உலோகத்தில் சட்டை போட்டார்கள். அந்த முதல் காலத்துச் சன்னங்கள் நீளமாக, பாரமாக, நுனி பெருவிரல் மாதிரி மொட்டையாக இருக்கும். சில வருடம் கழித்துத்தான் கூர்நுனிச் சன்னம் வந்தது. அது பாரமும் குறைவு. நான் ஊரில் பொறுக்கியது எல்லாம் அதற்கும் பிறகு வந்த சின்ன ரவைகள். அந்த நிறையை வைத்து இந்த நிறையை அளந்தேன். என் கை பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த கணக்குத்தான் இதற்குப் பொருந்தவில்லை.

காட்சிக்கு வைப்பதில் மருந்து போடாமல் மணி போடுவது அவருடைய வழக்கமாம். யாரும் தவறுதலாகத் துவக்கில் போட்டுவிடக் கூடாது, குலுக்கினால் தெரிய வேண்டும். அடி மூடிகூட வெறும் தகடு. துவக்கையும் உண்மையான மருந்தையும் வீடு விற்க முன்னமே லைசன்ஸ் உள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார்களாம். இந்தப் பெட்டி மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் கிடந்து மறந்துபோயிற்று.

"உண்மையான ரவையாக இருந்தாலும் நீங்கள் பொலிசுக்கு ஒரு போன் எடுத்திருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்" என்றார். "வீடு மாறுகிறவர்களுக்கு இப்படி நடப்பதுதான்." பிறகு, "ஏன் புதைத்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆங்கிலத்தில், வளவு கூட்டிய கதையைச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் பதினொரு நாளைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார்.

போக முன் கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். பென்சில் எழுத்து. ஒரு நாள் தராசு சரியாக இருந்ததா என்று அவருடைய அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அன்று அடைத்த நாற்பது ரவையையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டார். கீழே, 'ஒரு நாள் வீண். நிம்மதி' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

ஒரு ரவையை எடுத்து எனக்கு நினைவாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வாய் திறக்க முன் அம்மா, "நோ நோ, தாங்க் யூ, நோ" என்றார். அந்தளவு இங்கிலிஸ் போதுமானதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் போன் எடுத்தார். அவருடைய அப்பா பன்னிரண்டையும் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாராம். பிறகு என் பழைய சாரத்தையும் பொலித்தீனையும் எறிய விடாமல் மடியில் வைத்துக்கொண்டு, "இதைக் கட்டினவனுக்கு வேலை தெரியும்" என்றாராம்.

வேலையில் அண்ணைக்கும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னன்தானே, ஒண்டும் நடக்காதெண்டு" என்றார்.

சத்தியப்பிரமாண நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா மாம்பழ நிறக் கரைச் சேலை உடுத்தியிருந்தார், மூத்தவள் என் கழுத்து ரையைத் திருத்தினாள், நான் வீட்டுக்குள்ளே காலில் சப்பாத்துப் போட்டிருந்தேன். திரையில் எத்தனையோ முகங்கள், எத்தனையோ சமையலறைகள். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அன்று காலைதான் கிடங்கை நிரவி முடித்திருந்தேன், நகத்துக்குள் இன்னும் கொஞ்சம் மண் இருந்தது. யன்னலுக்கு வெளியே அந்த மூலையில் மூடிய கிடங்கு, மேலே புல் இல்லாமல், எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். என் குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று மூத்தவள் பிறகு குறை சொன்னாள்.

அன்று பின்னேரம் படுத்தவன் அடுத்த நாள் காலைதான் எழும்பினேன்.

சின்னவன், உன் பனிமனிதனுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்த முறை பனி விழட்டும். அந்த மூலையிலேயே கட்டுங்கள். சவள் கராஜில், கதவுக்குப் பின்னால் இருக்கிறது.